அப்பாவின் பொடி டப்பாவில் இரண்டு குண்டுகள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். துப்பாக்கி மருந்து குண்டை என்ன வேகத்தில் தள்ளுகிறது என்று அளக்கும் வேலை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இடமில்லை. ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் குன்னூர். பதினெட்டு வருடமாக அமெரிக்காவில், டென்வரில் இருக்கிறேன், இப்போது இந்த நாட்டுக் குடிமகன். நண்பர்களோடு சேர்ந்து வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்தேன். இந்த வருடக் குலுக்கலில், எல்க் என்ற பெரிய மானில் பெண் ஒன்றுக்கும், மியூல் மான் ஒன்றுக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது. கையில் இருப்பது .30-06 ரைபிள். கடையில் 150, 165, 180 கிரெய்ன் என்கிறார்கள். ஈயம், பாண்டட், முழுச் செம்பு என்கிறார்கள். தலை சுற்றுகிறது. இரண்டுக்கும் ஒரே தோட்டா போதுமா? எதை வாங்குவது?
– குன்னூர் வாசகர், டென்வர்

பதில்: தம்பி, முதலில் இந்தக் கிரெய்ன் கணக்கை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கிரெய்ன் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அளவு, ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், ஒரு பவுன் தங்கம் 8 கிராம், ஏறத்தாழ 123 கிரெய்ன். உங்கள் 150 கிரெய்ன் குண்டு ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. 180 கிரெய்ன் ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. நடுவே இருப்பது கால் பவுன், ஒரு சின்னக் கம்மல் எடை. கடையில் அந்தக் கம்மல் எடையைப் பற்றித்தான் மணிக்கணக்காகப் பேசுவார்கள். குண்டை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

என் மேஜையில் அப்பாவின் மூக்குப்பொடி டப்பா ஒன்று இருக்கிறது. அதற்குள் சுட்ட குண்டுகள் இரண்டு. ஒன்று நேற்றுக் கடைசலில் இருந்து எடுத்தது மாதிரி இருக்கும். பக்கவாட்டில் பேரலின் வரிகள் சாய்வாக ஓடுவதைத் தவிர ஒரு நசுங்கல் கிடையாது. இன்னொன்றின் மூக்கு பிளந்து, ஈயம் வழிந்து, மேலுறை நாலு இதழாகப் பின்பக்கம் சுருண்டு, பறித்த கத்தரிக்காயின் காம்பைப் போல இருக்கும். நீங்கள் கேட்டதற்கு முழுப் பதிலும் அந்த டப்பாவுக்குள் இருக்கிறது.

அப்பா நடுவட்டம் சின்கோனா தோட்டத்தில் வாட்ச்சர். அப்போது உரிமம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு வருபவர்கள் உண்டு. வழி காட்டவும் தடம் பார்க்கவும் அப்பாவைக் கூட்டிப் போவார்கள். 1966-ல் எனக்குப் பதிமூன்று வயது. அந்த வருடம் வந்த ஒரு விருந்தாளி, பட்டாளத்துத் தோட்டாவை எப்படியோ வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பட்டாளத்துக் குண்டு மூக்கு வரைக்கும் உறை போட்டது, உடம்புக்குள் விரியாது. 1890-களில் கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதச் சாலையில் விரியும் குண்டு செய்தார்கள். 1899-ல் ஹேக் மாநாட்டில், போரில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று முடிவானது. மனிதனைச் சுட விரியாத குண்டு, மானைச் சுட விரியும் குண்டு. கேட்கிற சிலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். காயத்தோடு ஓடுகிற மானைத் தூக்கிப் போக ஸ்ட்ரெச்சரும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. அதனால்தான்.

சாயங்காலம், பனி இறங்குவதற்கு முன், ஒரு ஆண் கடமான் சோலையை விட்டுப் புல்லுக்கு வந்தது. எங்களுக்கு முதுகுப்பக்கம் கொஞ்சம் சாய்வாக நின்றது. வெடி கேட்டதும் ஒரு துள்ளல், அப்புறம் சோலை அதை விழுங்கிவிட்டது. நின்ற இடத்தில் ஒரு கொத்து மயிர். தவிட்டுப்பழச் செடியின் இலை ஒன்றில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரே ஒரு சொட்டு ரத்தம். அப்பா அந்த இலையைக் கிள்ளாமல், குனிந்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் விருந்தாளி ஊட்டிக்குப் போய்விட்டார். அப்பாவும் நானும் தேடினோம். காலெல்லாம் அட்டை. சொட்டு சொட்டாக ரத்தம் கிடைக்கும், அரை பர்லாங்கு ஒன்றும் இருக்காது, மறுபடி ஒரு சொட்டு. மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தோம். ஓடைக்குள் கிடந்தது, செந்நாய்கள் வந்துபோயிருந்தன. கரைச் சேற்றில் அது எழுந்து எழுந்து விழுந்த தடம் பத்தடி நீளத்துக்கு இருந்தது. அப்பா மானைப் பார்க்கவில்லை. அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தார். அப்புறம் இடுப்பெலும்பில் மாட்டியிருந்த குண்டைக் கத்தியால் நெம்பி எடுத்து, ஓடைத் தண்ணீரில் கழுவி என் கையில் கொடுத்தார். “இம்புட்டுத் தூரம் உள்ள போயிட்டு, ஒண்ணும் பண்ணாம நின்னுருக்குது பாரு.” அவ்வளவுதான் சொன்னார்.

இரண்டாவது குண்டு அடுத்த வருடத்தது. 315 ரைபிள், 244 கிரெய்ன், முனையில் ஈயம் தெரிகிற சாஃப்ட் பாயிண்ட். முன்னங்காலுக்குப் பின்னால் புகுந்து, இரண்டு நுரையீரலையும் கடந்து, எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் நெல்லிக்காய் மாதிரிப் புடைத்துக்கொண்டு நின்றது. அந்த மான் நாற்பது தப்படிகூடப் போகவில்லை. பல வருடம் கழித்து, கோத்தகிரியில் தெரிந்த ஆசாரியின் தராசில் அதை வைத்துப் பார்த்தேன். பத்தரை கிராம். புறப்படும்போது 15.8 கிராம் இருந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கைக் கறிக்குள் விட்டுவிட்டு, மிச்சம் இரண்டு பங்கோடு வேலையை முடித்திருக்கிறது.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். குண்டு விரிய வேண்டும், அதே சமயம் சிதறாமல் உள்ளே போக வேண்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். மியூல் மான் கிடா நூறு கிலோ சுற்றி இருக்கும், விலா மெல்லியது. பெண் எல்க் 220 கிலோ வரும். நம் மலையின் பெரிய ஆண் கடமானை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த உடம்பு. தோள் எலும்பு தடிமன், தோல் தடிமன், குளிர்காலத்து மயிர் வேறு. மானுக்கென்று சீக்கிரம் விரியும்படி செய்த மெல்லிய உறைக் குண்டு, எல்க்கின் தோள் எலும்பில் பட்டால் மேலோடு உடைந்து நின்றுவிடலாம். ஜான் நாஸ்லர் என்பவருக்கு 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதுதான் நடந்தது. சேறு காய்ந்து ஒட்டியிருந்த ஒரு மூஸின் மேல், அது எல்க்கைவிடப் பெரிய மான், அவருடைய குண்டுகள் ஆழமாக இறங்கவில்லை. திரும்பிப் போய், குண்டுக்கு நடுவே ஒரு செம்புச் சுவர் வைத்தார். சுவருக்கு முன்பக்க ஈயம் விரியும், பின்பக்க ஈயம் அப்படியே நின்று தள்ளும். பார்ட்டிஷன் என்ற அந்தக் குண்டு இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. மானுக்கும் எல்க்குக்கும் சேர்த்து ஒரே பெட்டி வாங்குகிறவருக்கு அதைவிட நம்பகமானது அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

பாண்டட் என்பது உறையையும் ஈயத்தையும் பற்றவைத்த மாதிரி ஒட்டியது, உள்ளே போனாலும் பிரியாது. அதுவும் நல்லது. சாதாரண உறையும் ஈயமும் உள்ள குண்டில் 1939-ல் வந்த கோர்-லாக்ட் முதல் பல உண்டு. அவை மானுக்குத் தாராளம். எல்க்குக்கும் விலாவில் பட்டால் போதும், எலும்பில் பட்டால்தான் யோசனை. முழுச் செம்புக் குண்டு 1989-ல் பார்ன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. ஈயமே கிடையாது. மூக்கில் ஒரு குழி, பட்டதும் நாலு இதழாகத் திறக்கும், எடை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். இங்கேதான் கடைக்காரர் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. 180 கிரெய்ன் ஈயக் குண்டு மூன்றில் ஒரு பங்கை இழந்தால் மிச்சம் 120. 150 கிரெய்ன் செம்புக் குண்டு நூற்றுக்கு மூன்று இழந்தால் மிச்சம் 145. ஆகவே செம்பு வாங்கினால் எடையில் ஒரு படி இறங்கலாம், இறங்கவும் வேண்டும். செம்பு ஈயத்தைவிட லேசானது. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், நீளமானதைச் சில பேரல்கள் நன்றாகச் சுழற்றித் தராது. செம்புக்கு ஒரு பலவீனமும் உண்டு. திறப்பதற்கு வேகம் வேண்டும். வெகுதூரம் போய் வேகம் செத்த பிறகு பட்டால், என் டப்பாவில் இருக்கும் முதல் குண்டைப் போல விரியாமலே உள்ளே போய்விடும்.

என் பதில் இதுதான். பார்ட்டிஷனோ பாண்டட்டோ என்றால் 180 கிரெய்ன், உதை அதிகம் என்று பட்டால் 165. செம்பு என்றால் 150. மூன்றில் உங்கள் ரைபிளுக்கு எது ஒத்துப்போகிறதோ அது. ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி வாங்கி, 100 கஜத்தில் மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். எது மூன்றையும் ஒரு டம்ளர் வாய்க்குள் போடுகிறதோ, அதிலேயே இன்னும் மூன்று பெட்டி வாங்கிவிடுங்கள். பயிற்சிக்கு விலை குறைந்த தோட்டா, வேட்டைக்கு விலை கூடியது என்று பிரிக்காதீர்கள். ஒரே எடையாக இருந்தாலும் குண்டு மாறினால் படுகிற இடம் மாறும். பல வருடம் அளந்து பார்த்தவன் சொல்கிறேன்.

கொலராடோ சட்டமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், சரிபார்க்கச் சொல்கிறேன். குண்டின் விட்டம் 0.24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, விரியும் குண்டாக இருக்க வேண்டும். மானுக்குக் குறைந்தது 70 கிரெய்ன், எல்க்குக்கு 85. 100 கஜத்தில் குண்டு மோதும் ஆற்றல் 1,000 அடி-பவுண்டு வேண்டும். உங்கள் .30-06 இவை எல்லாவற்றையும் எளிதாகத் தாண்டும். எல்க்குக்குப் படும் இடத்தில் 1,500 வேண்டும் என்பது பழைய வேட்டைக்காரர்கள் சொல்லும் கணக்கு. சட்டம் இல்லை, ஆனால் மதிக்கத் தக்க கணக்கு.

தூரம். 180 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்படும். 200 கஜத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்தால், 100 கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும், 300 கஜத்தில் எட்டு ஒன்பது அங்குலம் கீழே. இது உங்கள் முதல் வருடம். 200 கஜத்துக்கு மேல் சுட வேண்டாம். இன்னொன்று, ஜூலை வெயிலில் சுட்டுச் சரிபார்த்துவிட்டு நவம்பர் பனிக்குப் போவீர்கள். குளிரில் மருந்து மெதுவாக எரியும், வேகம் கொஞ்சம் குறையும். நாங்கள் தோட்டாவைச் சூட்டிலும் குளிரிலும் மணிக்கணக்காக வைத்திருந்து சுட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். 200 கஜத்துக்குள் அந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை, 400 கஜத்தில் பொருட்டாகும்.

குறி எங்கே? பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டிக் கண்ணை மேலே கொண்டுபோங்கள், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். சுட்டபின் உடனே ஓடாதீர்கள். அரை மணி நேரம் உட்காருங்கள். ரத்தம் நுரைத்து இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், மான் பக்கத்தில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், இன்னும் நேரம் கொடுங்கள். பச்சையாக அரைத்த புல் கலந்திருந்தால் வயிறு. அப்படி என்றால் பல மணி நேரம் காத்திருந்து, அப்புறம் கிடைக்கிற வரைக்கும் தேடுங்கள். நாளைக்கு ஆபீஸ் இருக்கிறது என்று திரும்பாதீர்கள்.

ஆரஞ்சு நிறமோ பிங்க் நிறமோ, 500 சதுர அங்குலம் உடம்பில் தெரிய வேண்டும் என்பது அங்கே சட்டம். தொப்பியும் அதே நிறத்தில் இருக்க வேண்டும். மறந்துவிடாதீர்கள்.

*

கேள்வி: அடுத்த இதழில் வேட்டைக் குண்டு பற்றிப் பதில் வரும் என்ற அறிவிப்பைப் பார்த்தேன். நம் மலையில் வேட்டையே குற்றம். இப்படி எழுதுவது சரியா?
– கல்லூரி மாணவி, கோத்தகிரி

பதில்: கேட்டது நல்லதும்மா. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்றைக்கு, கடமானோ புள்ளிமானோ கேளையோ, இந்த மலையில் எதன் மேலும் யாரும் துப்பாக்கி தூக்க முடியாது. தூக்கவும் கூடாது. அந்தச் சட்டம் வந்த வருடம் எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவுக்கு அதனால் வரும்படி குறைந்தது. ஆனாலும், “நல்லதாப் போச்சு” என்றார். ஓடைக்கரைத் தடத்தைப் பார்த்தவர் அவர்.

அதற்கு முன்னும் கட்டுப்பாடே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1877-ல் நீலகிரியில் வேட்டைக்காரர்களே சங்கம் வைத்தார்கள். 1879-ல் நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பருவம், உரிமம் எல்லாம் இருந்தன. அப்படியும் மிருகங்கள் குறைந்துகொண்டே வந்தன. 2024-ல் வனத்துறை கணக்கெடுத்தபோது தமிழ்நாட்டில் வரையாடு 1,031 இருந்தது. மாநில விலங்கு, அப்போது மாநிலத்தில் மொத்தமே அவ்வளவுதான். அதில் ஒன்றைச் சுடலாம் என்று யாராவது சொன்னால் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன்.

கொலராடோவில் நிலைமை வேறு. அங்கே எல்க் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கிறது. தம்பிக்குக் குலுக்கலில் கிடைத்த மாதிரியான அனுமதிகளை ஒவ்வொரு பகுதிக்கும் அரசே எண்ணித்தான் தருகிறது. 1937-ல் போட்ட ஒரு சட்டப்படி, துப்பாக்கி, தோட்டா மேல் போடும் வரி வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் அது நூற்றுக்குப் பதினொன்று. நம்மிடம் மான் கூட்டம் அளவுக்கு மீறாமல் புலியும் சிறுத்தையும் செந்நாயும் பார்த்துக்கொள்கின்றன. அங்கே ஓநாயை 2023 டிசம்பரில்தான் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

அந்தத் தம்பி எப்படியும் போகப்போகிறார், சட்டப்படி போகிறார். தப்பான குண்டோடு போனால் ஒரு எல்க் மூன்று நாள் சாகும். சரியான குண்டோடு போனால் அரை நிமிடத்தில் முடியும். அதற்காகத்தான் எழுதினேன்.

*

கேள்வி: ஊட்டி எல்க்ஹில் முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம். நீலகிரியில் எல்க் இருந்ததா?
– ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: இல்லை. வெள்ளைக்காரர்கள் இங்கேயும் இலங்கையிலும் கடமானைத்தான் எல்க் என்று எழுதினார்கள். அந்தப் பெயர்தான் குன்றுக்கு நின்றுவிட்டது. வட அமெரிக்காவில் எல்க் என்றால் வாப்பிட்டி என்ற பெரிய மான். ஐரோப்பாவில் எல்க் என்றால் மூஸ். ஒரே பெயருக்கு மூன்று மிருகம். பழைய புத்தகத்தில் ‘எல்க்குக்கு இந்தக் குண்டு’ என்று படித்தால், எந்த ஊர் எல்க் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டென்வர் தம்பிக்கும் இது உதவும்.

*

கேள்வி: மாமனார் எல்க் வேட்டைக்கு 300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கு என்கிறார். எனக்கோ 6.5 கிரீட்மோர்தான் தோளுக்குச் சுகமாக இருக்கிறது. சின்னக் குண்டு போதுமா?
– எட்மன்டன் வாசகி

பதில்: மாமனாருக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன், சுகமாக இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். குண்டின் விட்டம் சின்னதுதான், ஆனால் நீளமானது. கோணி ஊசி தைக்கிற மாதிரி உள்ளே போகும். எடையையும் விட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும் குறுக்களவு அடர்த்தி என்று ஒரு எண் உண்டு, அது கூடினால் ஆழமாக இறங்கும். 6.5 மில்லிமீட்டர் குண்டில் 140 கிரெய்னுக்கு 0.287, மாமனார் சொல்லும் .30 அங்குலக் குண்டில் 180 கிரெய்னுக்கு 0.271. சின்னது தோற்கவில்லை பாருங்கள். பாண்டட் குண்டாக வாங்கி, தூரத்தைக் குறைத்துக்கொண்டு, எலும்பைத் தவிர்த்து விலாவில் வையுங்கள். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவர் கையில் மேக்னம் இருந்தால், குண்டு வயிற்றில்தான் போய்ப் படும்.

*

கேள்வி: கலிபோர்னியாவில் ஈயக் குண்டே கூடாதாமே? வீட்டில் மகள் கர்ப்பமாக இருக்கிறாள். நண்பர் கொடுத்த மான் கறியைச் சமைக்கலாமா?
– சேக்ரமென்டோவில் மகளோடு இருக்கும் குன்னூர் அம்மா

பதில்: உங்கள் நண்பர் கலிபோர்னியாவிலேயே, சட்டப்படி சுட்டிருந்தால் கவலை இல்லை. அங்கே 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. வேறு மாநிலத்தில் சுட்டுக் கொண்டுவந்தது என்றால், எந்தக் குண்டு என்று கேளுங்கள். ஈயம் என்றால் மகளுக்கு வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். என் டப்பாவில் இருக்கும் இரண்டாவது குண்டு ஐந்து கிராமுக்கு மேல் இழந்தது என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த ஐந்து கிராம் எங்கே போயிற்று? பொடிப்பொடியாகக் கறிக்குள்தான். குண்டு போன தடத்தை வெட்டி எறிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தள்ளியும் போய் உட்கார்ந்திருக்கும். 2008-ல் வடக்கு டகோட்டாவில், தானமாக வந்த மான் கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஈயத் துகள் இருப்பதைக் கண்டார்கள். கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் ஈயக் குண்டால் சுட்ட கறியைத் தவிர்க்கச் சொன்னது அங்கேயுள்ள சுகாதாரத் துறை. ஊரில் நாங்கள் அந்தக் காலத்தில் எதையும் யோசிக்காமல் தின்றோம். தெரிந்த பிறகு அப்படி இருக்க முடியாது.

கலிபோர்னியா இதைச் செய்ததற்கு முக்கியக் காரணம் கலிபோர்னியா காண்டர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு. 1980-களின் தொடக்கத்தில் உலகத்திலேயே இருபத்திரண்டுதான் மிச்சம். வேட்டைக்காரர் விட்டுப்போன குடலில் இருக்கும் ஈயத்தைத் தின்று செத்துக்கொண்டிருந்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் சீகூர் பக்கத்துப் பாறுக் கழுகுகள்தான் ஞாபகம் வரும். அவற்றைக் கொன்றது ஈயம் இல்லை, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து. 2006-ல் அதைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். செத்ததைத் தின்று காட்டைச் சுத்தமாக வைக்கிற பறவை, செத்ததற்குள் நாம் விட்டுவைத்ததால் சாகிறது. டென்வர் தம்பி செம்புக்குப் போனால் எனக்குச் சந்தோஷம் என்று இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

*

கேள்வி: தாத்தா இறந்து பல வருடம் ஆயிற்று. பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய 315 ரைபிளும் ஒரு டப்பா நிறையத் தோட்டாவும் கிடைத்தன. தோட்டாவில் பச்சை பூத்திருக்கிறது. சுட்டுப் பார்த்தால் தெரியுமா, வேலை செய்கிறதா என்று?
– கூடலூர் வாசகர்

பதில்: சுடாதீர்கள். ரைபிளைத் தொட்டுத் துடைக்கக்கூட வேண்டாம், முதலில் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். உரிமம் தாத்தா பெயரில் இருந்தது, அவரோடு முடிந்துவிட்டது. 1959 ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ தாமதிக்காமல் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் உரிமம் வேண்டும் என்றால் அப்புறம் விண்ணப்பிக்கலாம். தாத்தா நினைவாக இருக்கட்டும் என்று பரணிலேயே விட்டுவிட்டு, பின்னால் கேஸில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

தோட்டாவைப் பற்றி என் தொழிலில் இருந்து சொல்கிறேன். துப்பாக்கி மருந்து தானாகவே மெல்ல மெல்லச் சிதையும், அப்போது அமிலப் புகை விடும். அந்தப் புகையைப் பிடித்துவைக்க, செய்யும்போதே ஒரு நிலைப்படுத்தியைச் சேர்ப்போம். அது தீர்கிற வரைக்கும் மருந்து நன்றாக இருக்கும். தீர்ந்த பிறகு அமிலம் உள்ளிருந்தே பித்தளைக் கூட்டைத் தின்னும், கூட்டின் கழுத்தில் விரிசல் விழும். வெளியே தெரிகிற பச்சை வெறும் ஈரத்தால் வந்ததாகவும் இருக்கலாம், உள்ளிருந்து வந்ததாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது. விசையை இழுத்ததும் ஒன்றும் ஆகாமல் போகலாம். கூடு கிழிந்து வாயு உங்கள் முகத்துக்குத் திரும்பலாம். குண்டு பேரலுக்கு நடுவே நின்றுபோகலாம், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் பேரலே பிளக்கும். அடுப்பில் போடுவது, கிணற்றில் போடுவது, பிரித்து மருந்தைக் கொட்டுவது எதுவும் வேண்டாம். டப்பாவை அப்படியே, வெயில் படாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, போலீசாரையே வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

*

கேள்வி: மலைப்பூண்டு போட்டிருக்கிறேன். காட்டுப்பன்றி இரவோடு இரவாகப் பாத்தியையே புரட்டிப் போடுகிறது. இப்போது பன்றியைச் சுடலாம் என்று அரசே சொல்லிவிட்டதாமே, என்ன துப்பாக்கி, என்ன குண்டு வாங்கலாம்?
– பூம்பாறை விவசாயி

பதில்: ஐயா, உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் சொன்னது பாதிதான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த ஆணைப்படி, காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. ஒன்றில் இருந்து மூன்று கிலோமீட்டர் வரைக்கும் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு மேல் இருந்தால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான். விவசாயி சுட முடியாது. பூம்பாறையில் பல தோட்டங்கள் காட்டை ஒட்டியே இருக்கின்றன, உங்கள் நிலம் எத்தனை தூரம் என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். துப்பாக்கிக்குச் செலவு செய்ய நினைத்த பணத்தை வேலிக்குப் போடுங்கள். யாராவது அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்த வெடி, வைக்கலாம் என்று யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதைக் கடித்து வாய் கிழிந்த மாடுகளை நானே பார்த்திருக்கிறேன், யானைகளும் செத்திருக்கின்றன.

சேதத்துக்கு மனு கொடுக்கும்போது, புரண்ட பாத்தியைக் குளம்புத் தடம் தெரியும்படி போட்டோ எடுத்துச் சேர்த்துவிடுங்கள். காலையிலேயே எடுத்துவிடுங்கள், மழை வந்தால் தடம் போய்விடும்.